பெட்டியின் ஆறு முகங்கள்

தேயிலைத் தகரப் பெட்டியொன்றைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தால், அதன் மூடியிலே ஒரு சித்திரமும், பக்கங்களிலே எழுத்துக்களும், அடியிலே வெறுந் தகரமும் காணப்படும். பெட்டி ஒன்றே, ஆயினும் முகத்துக்கு முகம் தோற்றம் வேறு. கண்ணாற் காணும் உலகிலே இது எவருடைய வியப்புக்கும் உரியதன்று. கணினி தன் திரையிலே படைத்துக் காட்டும் மாய உலகிலோ, இச்சிறு காரியத்தைச் செவ்வையாகச் செய்து முடிப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலர் உழைக்க வேண்டியதாயிற்று.

கணினியைப் பொறுத்தவரையிற் பெட்டி என்பது எட்டு மூலைகளின் ஆள்கூறுகளும், அம்மூலைகள் சேர்ந்து அமைக்கும் ஆறு தளங்களுமேயாகும். மரம், தகரம், துணி என்பன அதற்குத் தெரியா. ஆதலால், 1970ஆம் ஆண்டையொட்டித் திரையிலே தோன்றிய திண்ம உருவங்கள், ஒரே சாயம் பூசிய பொம்மைகளைப் போல வழுவழுப்பாகவே இருந்தன. ஒரு செங்கற் சுவரைக் காட்ட விரும்பினால், ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனிப் பல்கோணியாக அமைத்தல் வேண்டும். அக்காலத்துப் பொறிகளின் நினைவகம் அத்தகைய சுமையைத் தாங்கக் கூடியதன்று.

இந்த முட்டுக்கட்டையை நீக்கியவர் எட்வின் கட்மல் என்னும் அமெரிக்க இளைஞர். சிறுவயதிலே சித்திரப் படங்களை வரைந்து இயக்குபவராக வேண்டுமென்று ஆசைப்பட்டு, அதற்கேற்ற கைத்திறன் தமக்கில்லையென்று கண்டு, பௌதிகத்தையும் கணினியியலையும் நாடிச் சென்றவர் அவர். யூட்டா பல்கலைக்கழகத்திலே, டேவிட் எவன்ஸ், ஐவன் சதர்லாந்து ஆகிய இருவரின் முயற்சியாற் கணினிச் சித்திரக்கலை அப்போது செழித்திருந்தது. அங்கே 1974ஆம் ஆண்டிற் கட்மல் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்விலே, வளைந்த பரப்பொன்றைத் திரையின் ஒரு புள்ளியளவு சிறிதாகும் வரைக்கும் மேன்மேலும் பிரித்துக்கொண்டே செல்லும் முறையை விளக்கினார். பரப்பின் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று குறுக்கே எவ்வளவு தூரம் என்பதைக் கூறும், மற்றையது நெடுக்கே எவ்வளவு தூரம் என்பதைக் கூறும். அந்த இரண்டு எண்களையே கொண்டு வேறொரு தட்டையான படத்திலே தேடினால், அங்கே கிடைக்கும் நிறத்தைப் பரப்பின்மேற் பூசலாமன்றோ? கட்மல் செய்தது அதுவே. பரப்பின்மேற் போர்த்தப்படும் அப்படத்தை ஆங்கிலத்தில் ‘டெக்ஸ்ச்சர்’ என்பர்; தமிழில் மேலோவியம் எனலாம்.

அதே கல்விக்கூடத்தில் 1975ஆம் ஆண்டு மாட்டின் நியூவெல் என்பவர் தம் வீட்டுத் தேநீர்ப் பாத்திரத்தைக் கணினிக்கேற்ற வளைபரப்புக்களாக மாற்றி அமைத்தார். தேயிலைக்குப் பேர்போன நாட்டார் இதனைக் கேட்டுச் சற்றே மகிழலாம். உலகெங்குமுள்ள கணினிச் சித்திரக்காரர் தங்கள் புது முறைகளையெல்லாம் அந்தப் பாத்திரத்தின்மீதே நெடுங்காலம் பரீட்சித்துப் பார்த்தனர். முதலிலே அமைக்கப்பட்ட பாத்திரத்துக்கு அடிப்பாகமே இருக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. காணப்படாத முகத்துக்கு எதற்காகச் செலவு செய்வது? பிற்காலத்திலேதான் அடி சேர்க்கப்பட்டது. 1976இல் ஜேம்ஸ் பிளின் என்பவரும் நியூவெல்லும் சேர்ந்து, சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பையே ஒரு படமாக்கிப் பரப்பின்மேற் போர்த்தும் வழியைக் கண்டனர்.

படம் போர்த்தும் வழி கிடைத்துவிட்டது. ஆனால் உண்மையான சங்கடம் அதன் பின்னரே தொடங்கியது. தோடம்பழமொன்றைச் செய்தித்தாளாற் பொதிந்து பார்த்தவர்களுக்கு அச்சங்கடம் இன்னதென்று சொல்லாமலே விளங்கும். தாள் ஓரிடத்திலே மடியும், ஓரிடத்திலே கிழியும். மனித முகம், யானை, மரக்கிளை முதலியவற்றுக்குத் தட்டையான படமொன்றைப் போர்த்த வேண்டுமாயின், அவ்வுருவத்தின் தோலை மனத்திலே உரித்து, வெட்டி, சமதளமாக விரித்துக்கொள்ளுதல் வேண்டும். தையற்காரர் துணியை வெட்டும் வேலை போன்றது இது. எங்கே வெட்டினாலும் அங்கே ஒரு தையல் விழும். தையலின் இரு புறத்திலும் நிறங்கள் ஒத்துவராவிட்டால், திரையிலே ஒரு கோடு பல்லிளிக்கும். சித்திரக்காரர் வரைவதற்குச் செலவிட வேண்டிய நாட்களை இந்த உரித்தலும் விரித்தலுமே உண்டன என்பதிற் சந்தேகமில்லை.

தொலைவிலுள்ள பொருளின் மேலோவியம் மின்னி மின்னிக் கண்ணை உறுத்திய குறையை லான்ஸ் வில்லியம்ஸ் என்பவர் 1983இலே தீர்த்தார். ஒரே படத்தைப் பாதி, காற்பங்கு, அரைக்காற்பங்கு அளவுகளிலே முன்னதாகவே சுருக்கி வைத்துக்கொண்டு, தூரத்துக்கேற்றதை எடுத்தாளுதல் அவர் கண்ட உபாயம். நினைவகத்திலே மூன்றிலொரு பங்கு மாத்திரமே இதற்கு மேலதிகமாகச் செலவாயிற்று.

பெட்டியைப் போன்ற எளிய உருவங்களுக்குத் தோலுரிக்கும் தொல்லை வேண்டியதில்லை. முகத்துக்கொரு படம் ஒட்டினாற் போதும். இதனை நன்கறிந்தவர் கணினி விளையாட்டுக்களைச் செய்தோர். 1992இல் வெளிவந்த ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ என்னும் விளையாட்டிலே, சுவரின் வடக்கு, தெற்கு முகங்களுக்கு ஒரு படமும், கிழக்கு, மேற்கு முகங்களுக்கு அதன் வேறு சாயலும் கொடுக்கப்பட்டன; ஒன்று வெளிச்சமாகவும் மற்றது நிழலாகவும் தோன்ற, வெறும் படத்தினாலேயே ஒளி பிறந்தது! நான்காண்டுகள் கழித்து, 1996இல், அதே நிறுவனம் வெளியிட்ட ‘குவேக்’ விளையாட்டிலே இம்முறை ஒழுங்கானதோர் இலக்கணமாயிற்று. அங்கே திண்மமொன்று தளங்களின் வரிசையாக எழுதப்பட்டது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வரி; அவ்வரியிலேயே அதன் மேலோவியத்தின் பெயர், எவ்வளவு நகர்த்துவது, எவ்வளவு திருப்புவது, எவ்வளவு பெருப்பிப்பது என்பனவும் அடங்கும். 2009ஆம் ஆண்டு சுவீடனிலே பிறந்த ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டின் புற்றரைக் கட்டியைச் சிறுவர் யாவரும் அறிவர். மேலே பசும்புல், கீழே மண், பக்கங்களிலே மண்ணின்மீது புல் வழியும் விளிம்பு. பதினாறுக்குப் பதினாறு புள்ளிகளேயான மூன்று சின்னஞ் சிறு படங்கள் ஒரு சதுரமுகியைப் பூமியாக்கிவிடுகின்றன.

ஆயினும் இந்த வித்தையைச் சாதாரண மக்களின் கையிலே கொடுத்தது, 2003ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரத்து லிண்டன் லாப் நிறுவனம் திறந்துவைத்த ‘செக்கண்ட் லைஃப்’ என்னும் மாய உலகமேயாகும். அங்கே நாற்காலியையும் வீட்டையும் கோயிலையும் கட்டியவர்கள் அந்நிறுவனத்தின் ஊழியரல்லர்; அதனுள் நுழைந்த குடிகளே. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை பெட்டி, உருளை, அரியம், கோளம் முதலிய சில அடிப்படை உருவங்கள். பெட்டிக்கு ஆறு முகங்கள், உருளைக்கு மூன்று, கோளத்துக்கு ஒன்று. பெட்டியின் உட்புறத்தைக் குடைந்தால் ஒரு முகம் கூடும். ஒரு பக்கத்தை வெட்டி நீக்கினால் மேலும் இரண்டு கூடும். முகமொன்றைத் தனியே தெரிந்தெடுத்து, அதற்கு மாத்திரம் ஒரு படத்தையும் நிறத்தையும் கண்ணாடித் தன்மையையும் கொடுக்கலாம். இவ்வாறு ஒரே பெட்டி, முன்புறம் கதவாகவும், பின்புறம் சுவராகவும், மேற்புறம் ஓடாகவும் ஆயிற்று. ஒரு நிலத்திலே எத்தனை உருவங்களை வைக்கலாம் என்பதற்கு வரம்பு இருந்தமையால், ஓர் உருவத்தைக் கொண்டு மூன்று உருவங்களின் வேலையை வாங்குதல் அங்கே சிக்கனமும் திறமையுமாகக் கொள்ளப்பட்டது.

அங்கே படைப்பின் உரிமை படைத்தவருக்கே உரியதென 2003ஆம் ஆண்டின் இறுதியிலே நிறுவனம் அறிவித்தது. அதன்பின் மேலோவியங்கள் விலைபொருளாயின. மரப்பலகை, கருங்கல், பட்டுத்துணி ஆகியவற்றின் படங்களை வரைந்து விற்றே பலர் பணம் ஈட்டினர். 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, பிறர் செய்த பொருளை அதன் மேலோவியங்களோடு அப்படியே நகலெடுக்கவல்ல ‘கொப்பிபொட்’ என்னும் கருவி பரவியபோது, கடைக்காரர் பலர் தம் கடைகளை அடைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அனுமதியின்றி அதனைப் பயன்படுத்துதல் விதிமீறல் என்று நிறுவனம் கூறியது. ஆனால் திரையிலே காட்டப்படும் எப்படமும் முதலிலே பார்ப்பவருடைய கணினிக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். வந்து சேர்ந்ததை ஒருவர் எடுத்து வைத்துக்கொள்வதை முற்றாகத் தடுக்கும் பூட்டு எதுவுமில்லை. கைவினைஞருடைய அச்சம் வீண் அச்சமன்று.

திரைப்படத் துறையிலே இதற்கிடையில் எதிர்பாராத திருப்பமொன்று நேர்ந்தது. யானையையும் நாயையும் தோலுரித்து விரிக்கும் வேலையாற் சலித்த வால்ட் டிஸ்னி சித்திரப்பட நிலையத்தார், 2008ஆம் ஆண்டிலே ‘பீடெக்ஸ்’ என்னும் முறையை வெளியிட்டனர். பிரென்ட் பேர்லி, டிலன் லேஸ்வெல் ஆகிய இருவர் அதனை விவரித்தனர். இம்முறையிலே உரித்தலும் இல்லை, விரித்தலும் இல்லை. உருவத்தின் பரப்பு எத்தனை ஆயிரம் நாற்பக்கல்களால் ஆனதாயினும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் படம்; கூடவே, அதன் அயல் முகங்கள் எவை என்னும் குறிப்பு. அக்குறிப்பின் துணையால் நிறம் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குத் தடையின்றிச் செல்லும். தையற் கோடு தோன்றாது. இலட்சக்கணக்கான படங்கள் ஒரே கோப்பினுள் அடங்கும். அவ்வாண்டிலே வெளிவந்த ‘போல்ட்’ என்னும் நாய்க் கதைப் படத்திலே அது கையாளப்பட்டு, 2010இல் யாவருக்கும் இலவசமாக வழங்கப்பட்டது.

பீடெக்ஸ் வெளிவந்த காலத்தில் அந்நிலையத்தின் தலைவராயிருந்தவர் வேறெவருமல்லர். முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னர் யூட்டாவிலே முதற் படத்தைப் பரப்பின்மேற் போர்த்திய அதே எட்வின் கட்மல். அவருக்கும் பற் ஹன்ரகன் என்பவருக்கும், கணினியியலின் மிகவுயர்ந்த விருதாகிய டியூரிங் விருது 2019ஆம் ஆண்டுக்காக வழங்கப்பட்டது. திரைப்படத்தின் ஒரு காட்சிக்காகப் பல மணி நேரம் காத்திருக்கலாம். விளையாட்டிலோ ஒரு விநாடிக்குள் அறுபது காட்சிகள் வேண்டும். அயல் முகங்களைத் தேடிச் செல்ல அங்கே அவகாசமில்லை. ஆதலால், விளையாட்டுச் செய்வோரிற் பெரும்பாலோர் இன்றும் தோலை உரித்து விரித்தே படம் வரைகின்றனர். தையலை யானையின் காதுக்குப் பின்னாலோ, காலின் உட்புறத்திலோ மறைத்து வைக்கின்றனர்.