கத்திக்கு முன்னால் சர்க்கரை

போன மாதம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.4 என்று வந்ததும், "ஐயா, இதைக் குறைச்சுக்கிட்டு வாங்க, ஆறு வாரம் கழிச்சுப் பார்க்கலாம்" என்று இளம் டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். வெளியூரிலிருந்து மகள் லீவு போட்டு வந்திருந்தாள். எனக்குக் கோபம்தான்.

ஆத்திரத்தில் பழைய விஷயங்களைப் படிக்க உட்கார்ந்தேன். நூறு வருஷத்துக்கு முன் சர்க்கரைக்காரருக்கு ராஜபிளவையோ கால் அழுகலோ வந்தால் சர்ஜன்கள் கத்தியை எடுக்கவே தயங்கினார்கள். புண் ஆறாது, சீழ் பிடிக்கும். மயக்க மருந்துக்குப் பிறகு நினைவு திரும்பாமலே போனவர்களும் உண்டு.

அன்றைக்கு இருந்த ஒரே வைத்தியம் பத்தியம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் பாரீஸின் பூஷார்தா மேல் எனக்குத் தனிப் பிரியம். 1870-இல் ஜெர்மானியர் பாரீஸை முற்றுகையிட்டு ஊரே பசியில் வாடியபோது, தம் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கவனித்தவர் அவர்.

1922 ஜனவரி 11-இல் டொராண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டார்கள். முதல் ஊசி சரிப்படவில்லை. காலிப் என்பவர் சுத்தப்படுத்திய மருந்தை 23-ஆம் தேதி போட்ட பிறகுதான் சர்க்கரை இறங்கியது. சர்ஜன்களுக்குத் துணிச்சல் வந்தது அதற்கப்புறம்தான்.

ஆனால் புதுச் சிக்கலும் வந்தது. ஆபரேஷனுக்கு வெறும் வயிறு வேண்டும். வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். விழித்திருப்பவன் வியர்க்கிறது, படபடக்கிறது என்பான். மயக்கத்தில் கிடப்பவன் என்ன சொல்வான்? 1979-இல் இங்கிலாந்தில் ஆல்பர்ட்டி, தாமஸ் என்ற இருவர் சுலபமான வழி சொன்னார்கள். 500 மில்லி குளுக்கோஸ் பாட்டிலிலேயே 10 யூனிட் இன்சுலினையும் கொஞ்சம் பொட்டாசியத்தையும் கலந்துவிடுவது. டிரிப் நின்றால் எல்லாமே சேர்ந்து நிற்கும். இன்சுலின் மட்டும் தனியே இறங்காது. இரண்டு பேரேட்டையும் ஒரே கையெழுத்தில் முடிக்கிற மாதிரி, குமாஸ்தாவான எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

மகள் ஊருக்குப் போகுமுன் என் நாலு இட்லியை இரண்டாக்கிவிட்டாள். ஆபரேஷன் அன்று காலை மாத்திரை கிடையாது என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறது. பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாம். சர்க்கரைக்காரரை வெகுநேரம் பட்டினி போடமாட்டார்களாம்.