தகரத்துண்டும் டொமைன் பெயரும்

போன வருஷம் மழை நாளொன்றில் எங்கள் குழுவின் இணையத்தளத்தை ஒரு ஹோஸ்டிங்கில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றினோம். பதுளையில் ஒரு நண்பனின் அறை, நாலு பேர், ஒரே லெப்டொப். அன்றிரவே தளம் புது இடத்தில் திறந்தது. சந்தோஷமாகப் படுத்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒன்பது நாளாக ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. யாரும் எதுவும் அனுப்பவில்லை என்றுதான் நினைத்தோம். பசறைப் பக்கத் தோட்டத்தில் இருந்து ஒரு தங்கச்சி போன் எடுத்து, "அண்ணா, நான் அனுப்பின கட்டுரை திரும்பி வந்துருச்சே" என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. புது இடத்தில் எம்எக்ஸ் பதிவை எழுத மறந்திருந்தோம்.

ஒவ்வொரு டொமைன் பெயருக்குப் பின்னாலும் ஒரு கொப்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தளம் எந்தக் கணினியில் இருக்கிறது என்று 'ஏ' பதிவு சொல்லும். கடிதத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று 'எம்எக்ஸ்' பதிவு சொல்லும். இந்தக் கொப்பியே யாரிடம் இருக்கிறது என்று சொல்வது 'என்எஸ்' பதிவு. என்எஸ்ஸைப் புது இடத்துக்குத் திருப்பினால் கொப்பியும் மாறிவிடும். பழையதில் எழுதியிருந்தது எதுவும் தானாகப் புதியதுக்கு வராது. வீட்டை மாற்றினோம், தபாலுக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இதை நண்பனின் தாத்தாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "லயத்துக்குக் கடுதாசி வர்ற கதைதானப்பா இது" என்றார்.

அவர் சொன்னதில் சரித்திரம் இருக்கிறது. ஊவாத் தோட்டங்களில் கடிதத்தின் மேல் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் இருக்கும். லயக் காம்பராவுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அதற்கான கடிதம் கிடைத்த கதை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. ஆளுக்குப் பெயர் இருந்தாலும், அந்தப் பெயரை இடத்தோடு சேர்க்கும் பதிவு வேறொருவர் மேசையில் இருந்தது.

இன்னும் பின்னால் போவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இருந்து வந்த தொழிலாளிக்கு ஒரு தகரத்துண்டு கொடுக்கப்பட்டது. போக வேண்டிய தோட்டத்தின் குறியீடும் ஆளின் இலக்கமும் அதில் அடிக்கப்பட்டிருக்கும். வழியில் இருந்த அதிகாரிகளுக்கு அந்தத் துண்டு போதும், பெயரைக் கேட்க வேண்டியதில்லை. பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறி, கடைசியில் தொழிலாளியின் கடனாக இறங்கும். 'துண்டு' என்ற இன்னொரு காகிதமும் இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அது இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்கு மாற முடியாது. அந்த முறையை 1921இல் சட்டம் போட்டுத்தான் ஒழித்தார்கள்.

இணையமும் தொடக்கத்தில் ஒரே ஆபீசின் ஒரே பதிவேட்டில்தான் ஓடியது. அமெரிக்காவில் ஆர்பாநெட் வலையமைப்பின் கணினிப் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுப் பெயர் வேண்டும் என்றால் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். ஒரே கொப்பியைப் பல கொப்பிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அந்தந்த ஆட்களே எழுதலாம் என்பதுதான் அதன் அடிப்படை. எம்எக்ஸ் பதிவுக்கான விதிகள் 1986இல் வந்தன.

இலங்கைக்கு '.எல்கே' 1990இல் கிடைத்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிஹான் டயஸின் பெயர் இந்தப் பதிவகத்தோடு ஆரம்பத்தில் இருந்தே சேர்ந்தது. 2010இல் '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் பெயரும் சிங்களப் பெயரும் அனுமதிக்கப்பட்டன. ஆனால் தமிழ் எழுத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள், பல படிவங்கள் இன்றைக்கும் அதைப் பிழை என்றுதான் காட்டும்.

மலையகத்துப் பிள்ளைகள் மறக்கக்கூடாத ஒரு நாள் 2021 பெப்ரவரி 6. அன்று காலை கூகுளின் இலங்கை முகவரி உட்பட சில '.எல்கே' பெயர்களைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்தில் போய் விழுந்தார்கள். யாரோ பதிவகத்தின் டிஎன்எஸ்ஸில் கைவைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஊடக சுதந்திரம், சிறுபான்மையினர் பிரச்சினை ஆகியவற்றோடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிரச்சினையும் எழுதியிருந்தது. அதற்கு முதல் நாள்தான் 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்திருந்தது.

எங்களுக்குள் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் வந்தது. "நம்ம கதைய நாடே பார்த்துச்சு, நல்லதுதானே" என்றார்கள் சிலர். நாங்கள் கடைசியில் அப்படி நினைக்கவில்லை. தொழிலாளியின் பெயரை வேறொருவர் எழுதி, வேறொருவர் திசை காட்டியதுதான் எங்கள் நூற்றாண்டுப் பிரச்சினை. இங்கேயும் அதுதான் நடந்தது. யார் என்றே தெரியாத ஒருவர் அடுத்தவன் முகவரியைத் திருடி, அதில் எங்களுக்காகப் பேசினார். சில மணி நேரத்தில் அது மறைந்தும் போனது. அடுத்த மாதம் 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது என்றால், அதற்குப் பின்னால் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண்கள் இருந்தார்கள்.

அதனால் தோட்டத்து வாசிகசாலை, இளைஞர் மன்றம் என்று தளம் வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒன்று சொல்கிறோம். தளத்தைச் செய்து தந்தவரின் பெயரில் டொமைனை விடாதீர்கள், மன்றத்தின் பெயரில் பதியுங்கள். கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். இடம் மாறும் முன்னே பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தாள் இப்போது அந்த அறையின் சுவரில் ஒட்டியிருக்கிறது. பசறைத் தங்கச்சியின் கட்டுரையும் வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த வாரம் வாசிக்கலாம்.