பதினேழு நிமிடங்கள்: ஒரு நேரலையை அரசால் தடுக்க முடியுமா?

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆ தொழுகை நேரம். அல் நூர் பள்ளிவாசலை நோக்கி காரில் வந்த ஒருவன், தலைக்கவசத்தில் கேமரா பொருத்தியிருந்தான். அதிலிருந்து ஃபேஸ்புக்கில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலுமாக அன்று 51 பேர் கொல்லப்பட்டார்கள். அவன் பெயரைத் தன் வாயால் சொல்லப்போவதில்லை என்று பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இந்தக் கட்டுரையிலும் அந்தப் பெயர் கிடையாது.

நேரலை 17 நிமிடம் ஓடியது. பிறகு ஃபேஸ்புக் வெளியிட்ட கணக்கு இது: நேரலையைப் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. அது ஓடும்போது ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. முதல் புகார் வந்தது, நேரலை தொடங்கி 29 நிமிடம் கழித்து. வீடியோவை நீக்குவதற்குள் சுமார் 4,000 பார்வைகள். அடுத்த 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் அகற்றிய பிரதிகள் 15 லட்சம். அதில் 12 லட்சத்தை ஏற்றும்போதே தடுத்துவிட்டதாக நிறுவனம் பெருமையாகச் சொன்னது. மீதி 3 லட்சம் உள்ளே வந்துவிட்டது என்பதுதான் அதன் மறுபக்கம்.

இருநூறு பேர் பார்த்த ஒன்று ஒரே நாளில் இப்படிப் பெருகும்போது ஒரு அரசாங்கம் என்ன பண்ண முடியும்? இந்தக் கேள்விக்கு உலகம் கண்ட பதில்களைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

பாரிஸில் தொடங்கிய வழக்கு

இணையத்துக்கு எல்லை கிடையாது, எந்த நாட்டுச் சட்டமும் அதைத் தொட முடியாது என்று தொண்ணூறுகளில் பலரும் உறுதியாக நம்பினார்கள். 2000ஆம் ஆண்டு அந்த நம்பிக்கை ஒரு பாரிஸ் நீதிமன்றத்தில் சோதனைக்கு வந்தது. யாஹூவின் ஏலத் தளத்தில் நாஜிப் பொருட்கள் விற்பனைக்கு இருந்தன. அவற்றைப் பார்வைக்கு வைப்பதே பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். தளம் அமெரிக்காவில் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்களை மட்டும் எப்படிப் பிரித்துத் தடுப்பது என்று யாஹூ கேட்டது.

நீதிபதி ழான் ழாக் கோமெஸ் அந்தக் கேள்வியை மூன்று நிபுணர்களிடம் தள்ளினார். அவர்களில் ஒருவர் இணையத்தின் தந்தையரில் ஒருவராகச் சொல்லப்படும் விண்ட் செர்ஃப். ஐபி முகவரியை வைத்து சுமார் 70 சதவீதம் பேரை அடையாளம் காணலாம், எந்த நாட்டவர் என்று பயனரையே சொல்லச் சொன்னால் 90 சதவீதத்தை நெருங்கலாம் என்பது அவர்கள் தந்த பதில். நீதிபதிக்கு அது போதுமானதாக இருந்தது. யாஹூ அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போய்ச் சண்டை போட்டது. ஆனால் 2001 ஜனவரியிலேயே அந்தப் பொருட்களை ஏலத்திலிருந்து விலக்குவதாக அறிவித்தும்விட்டது.

அந்த வழக்கு விட்டுச்சென்ற பாடம் எளிமையானது. சட்டம் நூற்றுக்கு நூறு கேட்பதில்லை. பூட்டை உடைக்கத் தெரிந்தவன் ஊரில் இருக்கிறான் என்பதற்காக யாரும் கதவைப் பூட்டாமல் விடுவதில்லை, இல்லையா? ஆனால் ஏலப் பொருள் ஒரே அலமாரியில் உட்கார்ந்திருந்தது. நேரலை அப்படி உட்கார்ந்திருப்பதில்லை.

கம்பியை இறுக்கியது யார்?

கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பின் நடந்ததில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நியூசிலாந்தில் தளங்களை முடக்கியது அரசாங்கம் கிடையாது. ஸ்பார்க், வோடஃபோன், டூடிகிரீஸ் போன்ற இணைய சேவை நிறுவனங்கள் தாமாகவே அதைச் செய்தன. அந்த வீடியோவை நீக்க மறுத்த அல்லது தாமதித்த 4சான், 8சான், லைவ்லீக் போன்ற தளங்கள் நியூசிலாந்து வாடிக்கையாளர்களுக்குச் சில நாட்கள் திறக்கவில்லை. இப்படிச் செய்ய அவற்றுக்கு எந்தச் சட்ட உத்தரவும் இருக்கவில்லை. அரசு 2010 முதல் ஒரு வடிகட்டியை நடத்திவந்தது உண்மை. ஆனால் அது சிறுவர் பாலியல் சுரண்டல் தளங்களுக்கு மட்டுமானது.

அந்த வீடியோ ஆட்சேபத்துக்குரியது என்று தலைமைத் தணிக்கையாளர் டேவிட் ஷாங்க்ஸ் முறைப்படி வகைப்படுத்தியது மார்ச் 18. அதன்பின் அதை வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை, பகிர்ந்தால் 14 ஆண்டு வரை. இது சும்மா மிரட்டல் இல்லை. பகிர்ந்த ஒருவருக்கு அதே ஆண்டு 21 மாதச் சிறை கிடைத்தது.

மார்ச் 19 அன்று மூன்று சேவை நிறுவனங்களின் தலைவர்களும் ஃபேஸ்புக், ட்விட்டர், கூகுள் தலைவர்களுக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். தங்களால் முடிந்ததைச் செய்துவிட்டதாகவும், மீதி அவர்கள் கையில்தான் இருக்கிறது என்றும் சொன்னது அந்தக் கடிதம். அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்தில் இயங்குகின்றன. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியும். அங்கே எந்த வீடியோவைப் பார்க்கிறீர்கள் என்பது தெரியாது. தபால்காரர் உறைமேல் இருக்கும் முகவரியைத்தான் படிக்க முடியும். ஆக, ஒரு வீடியோவுக்காக முழுத் தளத்தையும் மூட வேண்டும். 4சானை மூடலாம். ஃபேஸ்புக்கை மூட முடியுமா?

முழுக் கதவையும் மூடிய நாடு

மூட முடியும் என்று ஐந்தே வாரத்தில் இன்னொரு அரசு காட்டியது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றே ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. வன்முறைக் காட்சியை விட வதந்திதான் அங்கே அரசு சொன்ன காரணம். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு “உசிரோட இருக்கோம்”னு சொல்ல ஜனங்கள் நம்பியிருந்ததும் அதே செயலிகளைத்தான். விவரம் தெரிந்தவர்கள் விபிஎன் போட்டு உள்ளே போனார்கள்.

ஏப்ரல் 30 அன்று தடை நீங்கியது. மே 13 அன்று சிலாபத்தில் எழுந்த பதற்றத்தை ஒட்டி மறுபடியும் தடை. அன்று மாலையே மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. ஃபேஸ்புக் மூடியிருந்தது. வன்முறை நிற்கவில்லை.

சட்டங்களின் காலம்

கிறைஸ்ட்சர்ச் கொலையாளி ஆஸ்திரேலியன். அந்த நாடு 2019 ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டே நாட்களில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. கொடூர வன்முறைக் காட்சிகளை விரைந்து அகற்றாத நிறுவனங்களுக்கு ஆண்டு வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம். மே 15 அன்று ஆர்டெர்னும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் பாரிஸில் ‘கிறைஸ்ட்சர்ச் அழைப்பு’ என்ற உடன்பாட்டைத் தொடங்கினார்கள். அரசுகளும் நிறுவனங்களும் சேர்ந்து உறுதி தந்த ஆவணம். சட்டக் கட்டாயம் எதுவும் அதில் இல்லை.

நியூசிலாந்தின் அடுத்த அடிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2020இல் வந்த மசோதாவில் அரசே வடிகட்டி அமைக்க இடம் இருந்தது. கடும் எதிர்ப்பு வந்தது. 2021இல் சட்டம் நிறைவேறியபோது வடிகட்டிப் பகுதி அதில் இல்லை. அகற்றச் சொல்லும் உத்தரவுகளும், இத்தகைய காட்சிகளை நேரலை செய்வது குற்றம் என்ற பிரிவும் இருந்தன. யாருக்கு அதிகம் வலித்ததோ அந்த நாடே, கம்பியை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் அதிகாரம் வேண்டாம் என்று முடிவு செய்தது.

இரண்டு நிமிடமும் போதவில்லை

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு வீடியோவின் எண் கைரேகையை எடுத்து, அதன் பிரதி எங்கே வந்தாலும் பிடிக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. அதை விரிவாக்கினார்கள். வெட்டியும் நிறம் மாற்றியும் ஏற்றுகிறவர்கள் அதை ஏய்த்தார்கள். கிறைஸ்ட்சர்ச் வீடியோவில் மட்டும் 800க்கும் மேற்பட்ட வடிவங்களை ஃபேஸ்புக் கண்டது.

2019 அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே நகரில் யூத வழிபாட்டுத் தலத்தைத் தாக்க வந்தவன் ட்விட்ச் தளத்தில் 35 நிமிடம் ஒளிபரப்பினான். 2022 மே 14 அன்று அமெரிக்காவின் பஃபலோவில் ஒரு கடைக்குள் 10 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டபோது, வன்முறை தொடங்கிய இரண்டு நிமிடத்துக்குள் ட்விட்ச் நேரலையை நிறுத்திவிட்டது. நேரலையில் அப்போது இருந்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர்தான். அதற்குள் யாரோ பிரதி எடுத்துவிட்டார்கள். இன்னொரு தளத்தில் ஏறிய ஒரு பிரதி நீக்கப்படுவதற்குள் 30 லட்சம் பார்வைகளைத் தாண்டியது.

2024இல் கேள்வி வேறு வடிவில் வந்தது. ஏப்ரல் 15 அன்று சிட்னியின் வேக்லி தேவாலயத்தில், ஆராதனை நேரலையில் போய்க்கொண்டிருக்கும்போதே ஆயர் கத்தியால் குத்தப்பட்டார். உயிர் பிழைத்தார். அந்த வீடியோவை உலகம் முழுக்க மறைக்கச் சொன்னார் ஆஸ்திரேலிய இணையப் பாதுகாப்பு ஆணையர். எக்ஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவுக்குள் மட்டும் மறைத்தது. விபிஎன் இருந்தால் சிட்னியிலேயே பார்க்கலாம், அப்புறம் என்ன தடை என்பது ஆணையரின் வாதம். உலகில் யார் எதைப் பார்க்கலாம் என்று ஆஸ்திரேலியா எப்படித் தீர்மானிக்கும் என்பது எதிர்வாதம். மே 13 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் தற்காலிகத் தடையை நீட்டிக்க மறுத்தது. ஜூனில் ஆணையர் வழக்கைக் கைவிட்டார்.

கருத்துச் சுதந்திரம் ஜெயித்தது என்று கதையை அங்கேயே முடிக்கலாம். முடியவில்லை. அதே ஆண்டு ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் நடன வகுப்பில் இருந்த மூன்று சிறுமிகளை 17 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். வீட்டிலிருந்து கிளம்புவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் எக்ஸ் தளத்தில் அவன் தேடியது அந்த வேக்லி வீடியோவை.

யாருக்காகத் தடை?

தேடிப் போகிறவனை அரசாங்கத்தால் தடுக்க முடியாது; இருபது வருட வரலாறு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் தேடாதவர்களும் இருக்கிறார்கள். போனைத் தள்ளிக்கொண்டே போகும்போது தானாக ஓடும் வீடியோவில் சாவைப் பார்த்துவிடுகிற குழந்தை. தன் அப்பாவின் கடைசி நொடி எந்தப் பக்கத்தில் முளைக்குமோ என்று பயந்து போனைத் தொடாத மகள். இவர்களை ஒரு தடையால் ஓரளவு காப்பாற்ற முடியும். 2019இல் நியூசிலாந்தில் அந்தக் கம்பிகள் செய்தது அதைத்தான். சவுத்போர்ட் பையன் மாதிரி ஒருவனுக்கும் அந்த வீடியோ ஒரே தேடலில் கிடைக்காமல் போயிருக்கலாம். அதனால் ஏதாவது மாறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

தடுக்க முடியுமா என்பதோடு, தடுக்கும் கை யாருடையது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தத் தளம், எந்தக் காட்சி, எத்தனை நாள், யாரிடம் முறையிடலாம் என்று எழுதி வைத்திருக்கிற கைக்கும், ஒரே இரவில் மொத்த ஊரின் வாயையும் பொத்துகிற கைக்கும் வித்தியாசம் உண்டு. முதல் கைக்குக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தின் விலை சிறியதில்லை. ஆனாலும் இரண்டாவது கையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்ட ஊர்களின் கதையையும் நாம் படித்துத்தானே வருகிறோம்.