பென்சில்வேனியத் துப்பாக்கியின் முன்கட்டை

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, கைத்தொழில் ஒன்றையே முதலாகக் கொண்டு கடல் கடந்த மக்களின் வரலாறு என்றும் இனிப்பதாம். அத்தகைய வரலாறு ஒன்று ஒரு மரக்கட்டையில் செதுக்கப்பட்டிருக்கக் காண்கிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செர்மானியரும் சுவிட்சர்லாந்து நாட்டினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற் குடியேறினர். அவருள் துப்பாக்கிக் கொல்லரும் இருந்தனர். அவர்கள் தாயகத்திற் செய்து பழகியது ‘யேகர்’ என்னும் வேட்டைத் துப்பாக்கி. குழல் குறியது, குண்டு பெரியது. புதிய நாட்டிலோ காடு பெரிது. ஈயமும் வெடிமருந்தும் அரியன. ஆகவே குண்டைச் சிறிதாக்கினர். குழலை 40 அங்குலத்திற்கு மேலும் நீட்டினர். கட்டைக்கு அலையலையாக வரியோடும் மேப்பிள் மரத்தைத் தேர்ந்தனர். லங்காஸ்டர் இத்தொழிலுக்குப் பேரூர் ஆயிற்று.

குழல் நீளவே, அதனைத் தாங்கும் முன்கட்டையும் குழல்வாய் வரை நீண்டது. கொல்லனுக்குச் சோதனை அங்கேதான். எண்பட்டைக் குழலின் அடியிற் புகைக்கரி பூசிக் கட்டையில் வைத்து அழுத்துவான். கரி பற்றிய மேடுகளை மட்டும் உளியாற் சீவுவான். குழல் செவ்வனே படியும்வரை இவ்வேலை மீண்டும் மீண்டும் நடைபெறும்.

அடுத்து, வாய்வழியே இட்ட குண்டை உள்ளே செலுத்தும் கோலுக்கு இடம் வேண்டும். முன்புறம் அது திறந்த பள்ளம். பின்புறம் மரத்தினுள் மறைந்த துளை. குழலுக்கும் கோலுக்கும் நடுவே நிற்கும் மரம் அங்குலத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே! நீண்ட துரப்பணம் மேலே விலகினால் குழற்பள்ளத்திற் புகும். கீழே விலகினால் கட்டையின் வயிற்றைக் கிழிக்கும். பலநாள் உழைப்பு அக்கணமே விறகாகும். ஆதலின் துளையிட்ட பின்னர் வெளிமரத்தைக் கழிப்பதே அறிவுடைமை. துளை சென்ற வழியைப் பின்பற்றி வெளிவடிவை அமைத்துக்கொள்ளலாம் அன்றோ?

பின்னர் அரத்தால் அராவி விலாப்புறங்களை மெலிவிப்பர். அஞ்சும் கை மரத்தை மிகுதியாக விட்டுவிடும். துப்பாக்கி முன்பாரம் கொள்ளும். செருக்குற்ற கை மிகக் கழித்துவிடும், கட்டை பிளக்கும். இவ்விரண்டிற்கும் இடைநின்ற அளவை அறிவதே கைத்திறம்.

1740இல் செர்மனியிற் பிறந்து, சிறுவராகக் குடிபெயர்ந்து வந்த ஜேக்கப் டிக்கர்ட் என்பார் லங்காஸ்டரில் இத்தொழிலாற் பெரும்புகழ் எய்தி 1822இல் மறைந்தார். 1780 அக்டோபர் 7ஆம் நாள் நிகழ்ந்த கிங்ஸ் மவுண்டன் போரில் எல்லைப்புற மக்கள் ஏந்தியவை இவ்வகை நெடுந்துப்பாக்கிகளே.

1819இல் தாமஸ் பிளாஞ்சார்டு என்பார் துப்பாக்கிக்கட்டை கடையும் பொறிக்கு உரிமை பெற்றார். பிற்பக்கம் குண்டிடும் துப்பாக்கிகளும் பின்னர்ப் பெருகின. கைத்தொழில் தேய்ந்தது, ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குச் சென்ற நுட்பங்கள் பல மறைந்தன. எனினும் வில்லியம்ஸ்பர்க் நகரில் வாலஸ் கஸ்லர் என்னும் கைவினைஞர் பழைய முறையிலேயே முழுத் துப்பாக்கியையும் செய்து காட்டினார். அக்காட்சி 1969இல் திரைப்படமும் ஆயிற்று.

அக்கொல்லர் புதுநாட்டிற்கு ஏற்ப நீளத்தை மாற்றினர், மரத்தை மாற்றினர், கைநேர்மையை மாற்றவில்லை. அயலூரில் மக்களை வளர்க்கும் நாமும், எதனைக் கழிப்பது, எதனைக் காப்பது என்று நாள்தோறும் உளி பிடித்தே நிற்கின்றோம். இடையில் நிற்கும் மரம் மெல்லியது, கை தவறலாகாது.