பாரமானியும் கரையோரமும்: அளவைக் கருவிகளின் சமூக வரலாறு பற்றி ஒரு குறிப்பு

அறிவியற் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியொன்று எத்தகைய உழைப்பின் தேவையிலிருந்து பிறந்தது, எவருக்குப் பயன்பட்டது என்னும் வினாக்களை எழுப்பாது அவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளல் அரிது.

உறிஞ்சு பம்பி நீரைப் பத்து மீற்றருக்கு மேல் உயர்த்தாது என்பது சுரங்கத்திலும் கிணற்றிலும் உழைத்தோர் கண்ட உண்மை. இப்புதிரை ஆராய்ந்ததன் பேறாகவே 1640களில் தொரிசெல்லியின் இரசப் பாரமானி தோன்றிற்று. ஏறத்தாழ 760 மில்லிமீற்றர் உயர இரசநிரல் வளிமண்டல அமுக்கத்துக்கு ஈடாய் நின்றது.

1844 இல் பிரான்சில் லூசியன் விடி உரிமம் பெற்ற திரவமில் பாரமானி இரசத்தையே விலக்கியது. காற்று அகற்றப்பட்ட, நெளிமூடியுடைய உலோகப் பெட்டி, அமுக்கம் கூடும்போது சுருங்கும். குறையும்போது வில்லின் இழுவையால் விரியும். மயிரிழையளவான இவ்வசைவை நெம்புகள் பெருக்கி முள்ளுக்குக் கடத்துகின்றன. முள்ளுக்குப் பதிலாகப் பேனாவும், மணிக்கூட்டுப் பொறியாற் சுழலும் உருளையும் அமையின் அது பதிகருவியாகிறது. வெவ்வேறளவில் விரியும் ஈருலோகங்களை ஒட்டிய தகடு வெப்பத்தால் வளையும். அவ்வளைவே வெப்பநிலையைக் காட்டும்.

கீழைத்தேயத்தில் இக்கருவிகள் வணிகக் கப்பல்களின் பின்னே வந்தன. 1792 இல் கிழக்கிந்தியக் கம்பனி சென்னையில் அமைத்த வானோக்ககத்தின் நோக்கங்களுட் கடற்பயணமும் ஒன்று. அங்கு 1796 முதல் காலநிலை அளவீடுகள் பதியப்பட்டன. கொழும்பு அவதான நிலையம் 1907 இல் எழுந்தது. ஆயினும், இலாபம் குறுக்கிட்டபோது அறிவும் புறக்கணிக்கப்பட்டது. மாட்லா ஆற்றங்கரையில் துறைமுகம் அமைத்தல் ஆபத்தென 1853 இல் ஹென்றி பிடிங்டன் எச்சரித்தார். அங்கு எழுந்த கனிங் துறைமுகத்தை 1867 இல் சூறாவளி அழித்தது.

நெல்லியடிக்கு அண்மையிலுள்ள பருத்தித்துறைக் கரையின் மீனவர் சோளகம், கச்சான், வாடை, கொண்டல் எனக் காற்றை வகுத்தறிந்தனர். தலைமுறைகளின் உழைப்பில் விளைந்த அறிவு அது. எனினும் தொலைக்கடலில் உருவாகும் தாழமுக்கத்தை அதனால் அளந்துரைக்க இயலாது. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி வட இலங்கையையும் தாக்கியது. பாரமானிகள் அன்றும் இயங்கிக்கொண்டுதானிருந்தன.

இன்று சில கைத்தொலைபேசிகளுள்ளும் அமுக்க உணரி உண்டு. ஆனால் அளவீடு எச்சரிக்கையாவதற்குக் கருவி மட்டும் போதாது. வள்ளம் கடலில் இறங்குமுன், வள்ளக்காரன் விளங்கும் மொழியில் அது கரையை எட்டவேண்டும்.