ஒரு கல்லூரி, மூன்று பல்கலைக்கழகங்கள்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று சீனியர் அண்ணன் ஒருவர் போன் செய்தார். "எனக்கு புரோகிராம் எழுதத்தான் வரும்ணே, கட்டுரை வராது" என்றேன். விடவில்லை. வீட்டில் சான்றிதழ் ஃபைலைப் புரட்டியபோதுதான் விஷயம் கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் நம் கல்லூரி. தொண்ணூறுகளில் படித்த சித்தப்பாவின் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகம். 2009-இல் பி.எஸ்சி. முடித்த என் பட்டத்தில் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். அது 2002-இல் சென்னையிலிருந்து பிரிந்தது. இப்போது படிக்கும் சித்தப்பா பெண்ணுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 2021 தொடக்கத்தில் விழுப்புரத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் அறிவித்து, அதே ஆண்டே அதை அண்ணாமலையோடு இணைத்தார்கள். நம் மாவட்டக் கல்லூரிகளும் அதன் கீழ் வந்தன.

இதில் வேடிக்கை, சிதம்பரம் நமக்குப் பக்கத்து ஊர். மந்தாரக்குப்பத்தில் பஸ் ஏறினால் வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டிப் போய்விடலாம். ஆனால் 1929-இல் தொடங்கிய அண்ணாமலை தன் வளாகத்துக்குள்ளேயே பாடம் நடத்திய பல்கலைக்கழகம். வெளிக் கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு இல்லை. அதனால் பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டுத் தொலைவில் இருந்தவற்றோடு உறவு வைத்திருந்தோம்.

உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1979-இல் அங்கே அஞ்சல் வழிக் கல்வி வந்தது. பி.யூ.சி.யோடு சுரங்க வேலைக்கு வந்த அப்பா, நைட் ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, அந்தப் பாடப் புத்தகங்களோடு உட்காருவார். பி.ஏ. வரலாறு வாங்கினார். இப்படிப் படித்த அப்பாக்கள் நம் குடியிருப்பில் எத்தனை பேர்!

கலை, இலக்கியத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நம் ஊருக்கு வரவில்லை. 1998-இல் புத்தகக் கண்காட்சி தொடங்கியது மின்சாரம் தயாரிக்கும் நிறுவனம். எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போனேன். எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் மேடையேற்றிப் பாராட்டும் ஊராக ஒரு சுரங்க ஊர் ஆனது. பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டியது என்பது என் கட்சி.

'இணைப்பு' என்றால் வினாத்தாளும் மார்க் ஷீட்டும் மட்டுமா? சிதம்பரத்தில் பெரிய நூலகம் இருக்கிறது, இசைத்துறை இருக்கிறது, நிலவியல் துறை இருக்கிறது. நம்மிடம் சுரங்கம் இருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்தால்தான் இங்கே வெட்டவே முடியும். நிலவியல் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் எது? அவர்கள் இங்கே வரட்டும், நம் பிள்ளைகள் அங்கே போகட்டும். வருடத்தில் ஒரு மாலை அவர்களுடைய இசை மாணவர்கள் நம் மேடையில் பாடட்டும். பஸ் செலவை முன்னாள் மாணவர் சங்கம் ஏற்கலாம். என் பங்கை எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் சித்தப்பா பெண் சிதம்பரம் போய் வந்தாளாம். "நூலகம் பார்த்தியாம்மா?" என்றேன்.

"எங்கண்ணா! ஃபார்ம் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுக்கே வந்துட்டேன்."