கட்டுநாயக்கவுக்கு வராத ஆலைகள்

பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு 1978இல் கட்டுநாயக்கவில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வலயத்தைத் தொடங்கியபோது, ஆடைத் தொழிலை மட்டும் எதிர்பார்த்திருக்கவில்லை. அமெரிக்காவின் மோட்டரோலா, ஹரிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் குறைகடத்திகளைப் பொருத்தும் ஆலைகளை இங்கே நிறுவ 1980களின் தொடக்கத்தில் முன்வந்தன. 1983 ஜூலைக் கலவரத்தின் பின் இரண்டும் திட்டத்தைக் கைவிட்டன. நமது பொருளியல் நூல்கள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. ஓர் அத்தியாயமே எழுதத் தகுந்த இழப்பு இது.

ஆடைத் தொழில் மட்டும் எப்படிப் பிழைத்தது என்ற கேள்வி நியாயமானது. பல்நார் ஒப்பந்தத்தின் கீழ் ஏற்றுமதிக் கோட்டா நாட்டுக்கு நாடு பங்கிடப்பட்டதால், போர் நடந்த காலத்திலும் கொள்வனவாளர் வந்தனர். தையல் இயந்திரத்தை வேண்டுமானால் லொறியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோகலாம். குறைகடத்தித் தொழில் அப்படியல்ல. ஒரு நாட்டில் உருவான சிலிக்கன் தகட்டை இன்னொரு நாட்டில் சிறு துண்டுகளாக அறுத்து, தலைமயிரிலும் மெல்லிய தங்கக் கம்பியால் இணைத்து, உறையிட்டு, சோதித்து மூன்றாவது நாட்டுக்கு அனுப்புவார்கள். தூசியற்ற அறைகளுக்குக் கொட்டிய முதலைப் பெயர்த்தெடுக்க முடியாது. இடையில் ஒரு கண்ணி அறுந்தால் மற்ற நாட்டு ஆலைகளும் காத்துக் கிடக்கும். இத்தகைய முதலீட்டாளர் கூலியையும் வரிச்சலுகையையும் பார்ப்பது உண்மைதான். அதற்கு முன் தெருவைப் பார்க்கிறார்.

1983 ஜூலையில் அவர் கண்ட தெரு இதுதான்: 24ஆம் திகதி இரவு கொழும்பின் பொரளையில் மூண்ட தீ மறுநாள் நகரமெங்கும் பரவியது. இரத்மலானையில் தமிழருக்குச் சொந்தமான ஆலைகள் எரிந்தன. அவற்றில் வேலை செய்த சிங்களத் தொழிலாளரும் வேலையிழந்தனர்.

மலேசியாவிலும் 1969 மே 13இல் இனக்கலவரம் நடந்ததே என்று மறுக்கலாம். வலுவான மறுப்புத்தான். ஆயினும் மூன்றே ஆண்டுகளில், 1972இல், பினாங்கின் பாயான் லெப்பாசில் வர்த்தக வலயம் திறந்தது. இன்டெல் அங்கே போனது. பழைய கணினிகளைப் பிரித்தால் செயலியின் மேல் மலேசியாவின் பெயர் பொறித்திருக்கக் காணலாம். மலேசியாவில் அந்த அளவுக்குக் கலவரம் திரும்ப நிகழவில்லை. நம் நாட்டில் 1977, 1981, 1983 என்று அடுக்கி வந்து 2009 வரை நீண்ட போரில் முடிந்தது. ஒரு கலவரத்தை முதலீட்டாளர் மறக்கக்கூடும். திரும்பத் திரும்ப வருவதை மறக்கமாட்டார்.

சீனாவை மட்டும் நம்பியிருக்க விரும்பாத நிறுவனங்கள் இன்று மீண்டும் இடம் தேடுகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் பொக்ஸ்கொன் ஐபோன் பொருத்துகிறது. பினாங்கில் புதிய உறையிடல் ஆலைக்குப் பெருமுதலீடு செய்வதாக இன்டெல் 2021இல் அறிவித்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படித்துத் தேறும் நம் பிள்ளைகளுக்குத் திறமையில் குறைவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2019 மே மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம் ஒருவரின் பாஸ்தா தொழிற்சாலை கொளுத்தப்பட்டது. கட்டுநாயக்க வலயம் அங்கிருந்து சில கிலோமீற்றர்தான். முஸ்லிம்கள் செறிந்து வாழும் மாளிகாவத்தையில் அந்த வாரம் நிலவிய அச்சத்தை முதலீட்டு ஊக்குவிப்பு அறிக்கை எதிலும் காண முடியாது. கொளுத்தியவர்மீது வழக்கு விரைந்து முடிவதும், இழந்தவருக்கு நட்டஈடு கிடைப்பதும் நீதியமைச்சின் வேலை மட்டுமென்று ஒதுக்க முடியாது. முதலீட்டுச் சபை தன் சலுகைப் பட்டியலுக்கு முன்னதாகக் கேட்டு வாங்கவேண்டிய உத்தரவாதம் அது.